ஈஜோக் அன்று, கோலகுபு பாரு இன்று: தோட்டத்து ஓட்டைக் கேட்டு வந்தவர்கள்

ஈஜோக் இடைத்தேர்தலில் அன்வார் அணி தோற்றது என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஒப்புக்கொள்வதில்லை. "என்னா தம்பி பேசுற, அன்னைக்கு வந்த கூட்டம் எவ்வளவு தெரியுமா?" என்று எதிர்க்கேள்வி வரும். கூட்டம் வந்தது உண்மைதான். ஆனால் 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி இரவு எண்ணி முடித்தபோது ம.இ.கா. வேட்பாளர் கே. பார்த்திபனுக்கு 5,884 வாக்குகள். கெஅடிலான் வேட்பாளர் டான்ஸ்ரீ காலிட் இப்ராகிமுக்கு 4,034 வாக்குகள். வித்தியாசம் 1,850. 2004 பொதுத்தேர்தலில் அதே தொகுதியில் தேசிய முன்னணி பெற்ற வித்தியாசத்தைவிட அது சற்று அதிகம்கூட.

தோற்ற பிரச்சாரம் ஒன்று எப்படி ஜெயித்த பிரச்சாரமாக மக்கள் மனத்தில் தங்கிவிட்டது? 2024 மே மாதம் கோலகுபு பாரு இடைத்தேர்தல் நடந்தபோது இந்தக் கேள்வி எனக்கு மறுபடியும் எழுந்தது. சாப்பாட்டுக் கடைகளில், கோயில் வாசலில், வாட்ஸ்அப் குழுக்களில் எங்கும் ஒரே ஒப்பீடு. இன்றைய எதிர்க்கட்சிக்காரர்கள் அன்றைய அன்வார் மாதிரியே பேசுகிறார்கள் என்றார் ஒருவர். அன்வார் மாதிரி பேச இவர்களுக்கு வரவில்லை என்றார் இன்னொருவர். இரண்டுமே பாதி உண்மை. இரண்டு பிரச்சாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீதிப் பாதியும் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

தென்னமரம் என்ற ஊர்

முதலில் இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம். கோல சிலாங்கூரிலிருந்து ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வழியாக உலு சிலாங்கூர் வரை ஒரு காலத்தில் தோட்டத்தை ஒட்டித் தோட்டமாக இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். ஆனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட நம்மவர் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கேதான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரைப் பாருங்கள், அச்சுத் தமிழ். ஆனால் அந்தத் தோட்டம் புகழ் பெற்றது தென்னையால் அல்ல. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917இல் அங்கே செம்பனை நட்டார். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்று நாட்டின் பொருளாதாரத்தில் பெரும்பங்கு வகிக்கும் ஒரு தொழில் தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டத்தில்தான் தொடங்கியது. அதை நட்டு, கொத்தி, குலை தள்ளிய கைகளுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைத்ததா என்பதுதான் இந்தப் பகுதியின் ஒவ்வொரு தேர்தலுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி.

தோட்ட வீட்டின் கதை நம் குடும்பங்களுக்குத் தெரியாதது அல்ல. வேலை இருக்கும்வரை வீடு. வயதாகி வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற மேம்பாட்டுக்கு அரசாங்கம் ஒதுக்கிய பணம் பல காலம் தோட்ட வாசலோடு நின்றுவிட்டது. அடுத்த கம்பத்தில் தார்ச் சாலை, விளக்கு, மண்டபம் எல்லாம் வரும். லயத்தில் அதே மண்பாதை. பிறகு தோட்டம் கைமாறும். ரப்பரை அழித்துச் செம்பனை போடுவார்கள், அல்லது செம்பனையை அழித்து வீடமைப்பு. வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வருவார்கள். நம்மவர் கொஞ்சம் நஷ்டஈட்டோடு வெளியே வந்து, பக்கத்துப் பட்டணத்தில் வாடகை வீடு தேடுவார்கள்.

என் அத்தை குடும்பம் அப்படித்தான் வெளியே வந்தது. அவர் இருந்த லயத்தின் எண்ணை இன்னும் மறக்கவில்லை. இப்போது இருக்கும் வாடகை வீட்டின் எண்ணைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

2007: கம்பெனித் தலைவர் ஓட்டுக் கேட்டு வந்தார்

ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர், ம.இ.கா.வின் கே. சிவலிங்கம் காலமானதால் வந்தது அந்த இடைத்தேர்தல். மொத்த வாக்காளர்கள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். அதில் கால் பங்குக்கு மேல் இந்தியர்கள். சின்னத் தொகுதி. ஆனால் நாடே அங்கே வந்து இறங்கியது போலிருந்தது.

அன்றைய அன்வாரின் நிலையை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2004 செப்டம்பரில்தான் சிறையிலிருந்து வந்திருந்தார். சட்டப்படி 2008 ஏப்ரல் வரை அவர் தேர்தலில் நிற்கவே முடியாது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவி லிம் கிட் சியாங்கிடம் இருந்தது. அன்வாரின் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் இடம். அதுவும் அவர் துணைவியார் டாக்டர் வான் அசிசாவின் பெர்மாத்தாங் பாவ். பதவியும் பணமும் இல்லாமல் வந்தவர் அவர்.

அவர் நிறுத்திய வேட்பாளரோ இன்னும் வேடிக்கை. காலிட் இப்ராகிம் பெர்மோடாலான் நேஷனலின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். 1981இல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் கத்ரி நிறுவனத்தை மலேசியாவின் கைக்குக் கொண்டுவந்த நடவடிக்கையில் முக்கியப் பங்காற்றியவர். பிறகு அந்தக் கத்ரி நிறுவனத்துக்கே தலைமை நிர்வாகியாக இருந்தார். தோட்டக் கம்பெனியின் மேல்மாடியில் உட்கார்ந்திருந்தவர், லயத்து வாசலில் வந்து கும்பிடு போட்டு ஓட்டுக் கேட்கிறார். பெரியவர்கள் அதைப் பார்த்து வாயை மூடிச் சிரித்தார்கள். ஆங்கிலேயர் கையிலிருந்து கம்பெனி மலேசியர் கைக்கு வந்தபோது லயத்தில் என்ன மாறியது என்று அவரிடமே கேட்கலாம் என்றார் ஒரு மாமா. யாரும் கேட்டதாக நினைவில்லை.

நான் அப்போது கல்லூரி மாணவன். நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் போய் செராமா கேட்டேன். அன்வாரின் பேச்சில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, புதிய பொருளாதாரக் கொள்கையின் பெயரால் சிலர் பணக்காரர் ஆனார்கள், ஏழை மலாய்க்காரர் ஏழையாகவே இருக்கிறார் என்ற குற்றச்சாட்டு. இரண்டு, இனத்தைப் பார்க்காமல் தேவையைப் பார்த்து உதவும் பொருளாதாரத் திட்டம் வேண்டும் என்ற வாதம். மூன்று, எல்லா இனத்துப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான் என்ற உணர்வு. கேட்கிறவர் தமிழராக இருந்தால் ஓரிரு தமிழ்ச் சொல்லும் போடுவார். அது அவர் வழக்கம்.

நம்மவர் மனத்தைத் தொட்டது மூன்றாவது விஷயம் மட்டும் அல்ல. முதல் இரண்டையும் அவர் மலாய்க்காரர் கூட்டத்திலும் சொன்னார் என்பதுதான் பெரிய செய்தி. தமிழரிடம் ஒன்று, மலாய்க்காரரிடம் ஒன்று என்று பேசிப் பழகிய அரசியலில் அது புதிது. அதற்காக அவர் வாங்கிய அடியும் பெரிது. மலாய்க்காரர் உரிமையை விட்டுக்கொடுக்கிறார் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள்.

ஆளும் தரப்பின் பதில் வேறு மாதிரி வந்தது. துணைப் பிரதமராக இருந்த நஜிப் பிரச்சாரத்தை முன்னின்று நடத்தினார். பல வருடம் குழியாகக் கிடந்த சாலைகளுக்குத் தார் வந்தது. விளக்குகள் வந்தன. ஓர் இடைத்தேர்தல் என்றால் ஊர் எப்படிப் பளபளக்கும் என்பதை ஈஜோக்காரர்கள் அந்த இரண்டு வாரத்தில் பார்த்தார்கள். முடிவு தெரிந்ததே. பேச்சை ரசித்தார்கள், ஓட்டைத் தார்ச் சாலைக்குப் போட்டார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பது வருடம் மண்பாதையில் நடந்தவருக்குத் தார் என்பது சின்ன விஷயம் இல்லை.

நடுவில் வந்த பத்து மாதம்

ஏப்ரல் 2007க்கும் மார்ச் 2008க்கும் இடையில் நடந்ததை மறந்துவிட்டுத்தான் நாம் ஈஜோக்கை வெற்றியாக நினைக்கிறோம்.

2007 அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் மட்டுமே இருந்த நேரத்தில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. நவம்பர் 25ஆம் தேதி இண்ட்ராப் அழைப்பில் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூரில் கூடினார்கள். தோட்டங்களிலிருந்து போனவர்கள், கண்ணீர்ப்புகையில் கண் எரிந்து திரும்பி வந்து சொன்ன கதை ஒவ்வொரு லயத்திலும் பரவியது. டிசம்பரில் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார்கள்.

2008 மார்ச் 8ஆம் தேதி என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். டத்தோஸ்ரீ சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். உலு சிலாங்கூரில் 1990 முதல் உறுப்பினராக இருந்த ஜி. பழனிவேல் 198 வாக்குகளில் தோற்றார். பத்து மாதம் முன்பு தோற்ற அதே காலிட், அதே ஈஜோக்கில் ஜெயித்து மந்திரி புசார் ஆனார். கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் பாஸ் கட்சியின் டாக்டர் சுல்கிப்ளி அமாட் ஜெயித்தார். நிலா சின்னத்துக்கு நெற்றியில் திருநீறு பூசிய பாட்டிகள் ஓட்டுப் போட்டார்கள். இன்று பாஸ் என்றதும் முகம் சுளிக்கும் நம் இளைஞர்கள் இதைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே ஈஜோக்கில் அன்வார் விதைத்தது உண்மை. ஆனால் மழை வேறு இடத்திலிருந்து வந்தது. மக்களே தெருவில் இறங்கித் தங்கள் கோரிக்கையைச் சொன்ன பிறகுதான், அதைச் சுமக்க ஒரு வண்டி வேண்டும் என்று பார்த்தார்கள். அன்வாரின் அணி அந்த வண்டியாக அங்கே நின்றுகொண்டிருந்தது.

இது புதிதும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலை நிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் அதற்கு முன்னின்றார். தொழிலாளர்கள் கொடுத்த பட்டியலில் சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது, துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை எல்லாம் இருந்தன. ஓட்டுரிமையே இல்லாத காலத்தில் எங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தில் ஐந்து பேர் சுடப்பட்டு இறந்தார்கள். பட்டியல் மட்டும் அழியவில்லை.

ஜெயித்த பிறகு

காலிட் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். தோட்டத் தொழிலாளர் விவகாரத்துக்கென்றே ஓர் ஆட்சிக்குழுப் பொறுப்பை டாக்டர் சேவியர் ஜெயகுமாரிடம் கொடுத்தார்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநில அரசின் பணம் ஆண்டுதோறும் வரத் தொடங்கியது. மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசமானது. கமுந்திங் போன ஐவரில் ஒருவரான கணபதிராவ் பின்னர் அதே மாநிலத்தில் ஆட்சிக்குழு உறுப்பினரானார்.

ஆனால் இலவசத் தண்ணீருக்குத் தனி மீட்டர் வேண்டும். தனி மீட்டருக்குத் தனி வீடு வேண்டும். தனி வீட்டுக்கு நிலம் வேண்டும். கடைசிக் கேள்வி வந்ததும் எல்லாம் நின்றுவிடும். நிலம் மாநிலத்தின் கையில், தோட்டம் கம்பெனியின் கையில், வீடமைப்புப் பணம் மத்திய அரசாங்கத்தின் கையில். மூன்று பேரும் ஒரே மேசைக்கு வராமல் ஒரு செங்கல்கூட எழும்பாது. பத்து வருடம் மாநிலம் ஒரு கட்சியிடம், மத்தியம் இன்னொரு கட்சியிடம் இருந்தது. ஒருவரை ஒருவர் கை காட்ட அது நல்ல வசதியாகவும் இருந்தது.

மக்களும் இதைக் கவனித்தார்கள். 2010 ஏப்ரல் 25ஆம் தேதி உலு சிலாங்கூர் இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் பி. கமலநாதன் 1,725 வாக்குகளில் சைட் இப்ராகிமைத் தோற்கடித்தார். இரண்டு வருடம் முன் 198 வாக்கில் போன தொகுதி அப்படித் திரும்பி வந்தது. 2018இல் மறுபடியும் போனது. 2022இல் ம.இ.கா.வின் டி. மோகனும் கெஅடிலானின் டாக்டர் சத்யபிரகாஷும் அங்கே எதிரெதிரே நிற்க, பெரிக்காத்தான் வேட்பாளர் ஜெயித்தார். அதே தேர்தலில் கோல சிலாங்கூரில் டாக்டர் சுல்கிப்ளி, தெங்கு சஃப்ருலை வென்றது வெறும் 1,002 வாக்குகளில்.

198, 1,725, 1,002. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தோட்டத்து ஓட்டு இடம் மாறினால் முடிவு மாறும் தொகுதிகள் இவை. எல்லாக் கட்சித் தலைவரும் இந்தப் பக்கம் வந்து வணக்கம் சொல்வதன் காரணம் இதுதான்.

2024: தண்டிக்கச் சொன்ன பிரச்சாரம்

ஜ.செ.க.வின் லீ கீ ஹியோங் 2024 மார்ச்சில் காலமானதால் கோலகுபு பாருவுக்கு இடைத்தேர்தல் வந்தது. வாக்காளர்கள் 40,226 பேர். இந்தியர்கள் சுமார் 18 விழுக்காடு. அன்வார் அப்போது பிரதமர். எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையில் அப்போது ஹம்சா சைனுடின் இருந்தார். பெரிக்காத்தானின் அன்றைய தலைவர் டான்ஸ்ரீ முகைதீன் யாசின். பி. புனிதனின் மலேசிய இந்திய மக்கள் கட்சியும் அந்தப் பக்கம் நின்றது. பினாங்கின் முன்னாள் துணை முதல்வர் பேராசிரியர் பி. இராமசாமி தனியாக, இந்தியர்கள் பக்காத்தானுக்கு ஓட்டுப் போடக்கூடாது என்று பிரச்சாரம் செய்தார்.

மேடைகளின் சாரம் ஒன்றுதான்: விலைவாசி ஏறிவிட்டது, கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை, உங்களை மறந்தவர்களுக்குப் பாடம் கற்பியுங்கள். கேட்கும்போது 2007 ஞாபகம் வருவது இயல்பு. அன்று ஆளும் கட்சியின் மேல் அன்வார் வீசிய அதே கல்லை, இன்று அன்வார் மேல் வீசுகிறார்கள். கோபமும் பொய்க் கோபம் இல்லை. பதினாறு வருடம் நம்பியவர்களுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. பெரிக்காத்தான் மேடையில் அந்தக் கேள்வியைக் கேட்ட தமிழ்ப் பேச்சாளரை விலை போனவர் என்று உடனே திட்டுவதும் நியாயமில்லை.

ஆனால் வித்தியாசங்களையும் சொல்ல வேண்டும்.

அன்வார் 2007இல் "இவர்களைத் தோற்கடியுங்கள்" என்பதோடு நிறுத்தவில்லை. தேவையைப் பார்த்து உதவும் கொள்கை என்று ஒரு மாற்றை வைத்தார். அது நடந்ததா என்பது வேறு விஷயம்; பிடித்து உலுக்கிக் கேட்க ஒரு வாக்குறுதியாவது நம் கையில் இருந்தது. இந்த முறை எதிர்க்கட்சி மேடையில் தோட்டத்துப் பிள்ளைக்கு நாங்கள் வந்தால் இதைச் செய்வோம் என்று பிடித்துக்கொள்ளத்தக்க எதுவும் என் காதில் விழவில்லை. தண்டனை கொடு என்றார்கள். தண்டித்த பிறகு என்ன என்று சொல்லவில்லை.

இன்னொன்று, ஒரே பேச்சை இரண்டு கூட்டத்திலும் பேசும் துணிவு. அன்று பாஸ் கட்சியே தமிழர் ஓட்டைக் கேட்க அன்வாரின் பேச்சுக்குள் வந்து நின்றது. இன்று பெரிக்காத்தான் இந்தியர் முன்னால் சொல்லும் அனுதாபத்தை மலாய்க்காரர் கூட்டத்திலும் அப்படியே சொல்லிவிட்டால், அதன் மேல் நம் மக்களுக்கு இருக்கும் பயத்தில் பாதி போய்விடும்.

மூன்றாவது, கேட்பவர்கள் மாறிவிட்டார்கள். 2007இல் செராமாவுக்கு லயத்திலிருந்து லாரியிலும் மோட்டாரிலும் வந்தார்கள். இன்று அதே குடும்பத்தின் பிள்ளைகள் ரவாங்கிலும் புக்கிட் செந்தோசாவிலும் ஷா ஆலத்திலும் இருக்கிறார்கள். ஓட்டு மட்டும் பழைய ஊரில் கிடக்கிறது. அவர்களுக்குப் பேச்சு தேவையில்லை. சனிக்கிழமை வேலையை விட்டு வருவதற்கு ஒரு காரணம் தேவை.

மே 11ஆம் தேதி முடிவு இதைக் காட்டியது. ஜ.செ.க.வின் பாங் சொக் தாவ் 14,000 வாக்குகள், பெரிக்காத்தானின் கைருல் அஸ்ஹாரி 10,131 வாக்குகள். வித்தியாசம் 3,869. 2023 ஆகஸ்டில் அது 4,119 ஆக இருந்தது. வாக்களித்தவர் விகிதமோ 69லிருந்து 61.51 விழுக்காட்டுக்கு இறங்கியது. பாடம் கற்பியுங்கள் என்ற அழைப்பு ஆளும் தரப்பைக் கவிழ்க்கவில்லை. அதே நேரத்தில் இரண்டு பக்கத்துப் பேச்சும் நிறையப் பேரை வீட்டிலிருந்து கிளப்பவில்லை.

245 வீடுகள்

இந்தப் பிரச்சாரத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது மேடைப் பேச்சு எதுவும் இல்லை. பெஸ்தாரி ஜெயா, புக்கிட் தாகார் பக்கத்து ஐந்து தோட்டங்களின் செய்திதான். மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக். இந்தத் தோட்டங்களின் 245 முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் இருபது வருடத்துக்கு மேலாகச் சொந்த வீடு கேட்டு வந்தன. கோலாலம்பூரின் குப்பைக்கு அந்த வட்டாரத்தில் இடம் கிடைத்தது. புக்கிட் தாகார் குப்பை நிலத்தைச் சொல்கிறேன். அங்கே உழைத்தவர்களுக்கு வீடு கட்ட இடம் கிடைக்க அத்தனை வருடம் ஆனது.

பெர்ஜாயா நிறுவனம் 20 ஏக்கர் நிலம் தருவது என்றானது. வீடு கட்டப் பணம் எங்கே என்பதில் கதை நின்றது. பிரதமர்கள் மாறினார்கள், மந்திரி புசார்கள் மாறினார்கள். கடைசியில் இந்த இடைத்தேர்தல் பிரச்சார நேரத்தில், வீடமைப்பு அமைச்சர் ஙா கோர் மிங் 4 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டை அறிவித்தார்.

தேர்தல் நேரத்து அறிவிப்பு என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. தேர்தல் நேரத்து அறிவிப்புதான். 2007இல் ஈஜோக்குக்கு வந்த தார்ச் சாலையை அன்றைய எதிர்க்கட்சி இதே சொல்லால் குறை சொன்னது. நாற்காலி மாறியதும் வசனமும் இடம் மாறிவிட்டது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தாரைக் கேட்டு யாரும் ஊர்வலம் போகவில்லை. அது மேலிருந்து வந்த இனிப்பு. 245 வீடுகள், அந்தத் தோட்டங்களின் செயற்குழுக்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்து, மலேசிய சோசலிசக் கட்சி போன்றவர்கள் கூட நின்று, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வாங்கியது. அந்தக் கூட்டத்தில் முதலில் மனு எழுதிய சிலர் இன்று உயிரோடு இல்லை. அமைச்சர் அறிவித்தார், ஆனால் சம்பாதித்தது அவர்கள்.

அறிவிப்பு வீடு ஆகாது என்பதும் அவர்களுக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் இருக்கின்றன. நிலத்தின் கிராண்ட் யார் பெயரில் வரும்? குத்தகையாளர் எப்போது நியமிக்கப்படுவார்? தொழிலாளி இறந்திருந்தால் வீடு அவர் பிள்ளைக்குப் போகுமா? குடும்பம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்? ஐந்து தோட்டத்துக்கு வழி பிறந்தது போல அடுத்த தோட்டத்துக்கு என்ன வழி?

அடுத்த முறை வருபவர்களிடம்

கோலகுபு பாரு முடிந்துவிட்டது. பொதுத்தேர்தல் எப்போது வந்தாலும் உலு சிலாங்கூரும் கோல சிலாங்கூரும் ஈஜோக்கும் மறுபடி கைக்கு எட்டும் தொகுதிகள்தான். ஈஜோக் சட்டமன்றம் 2023 ஆகஸ்டில் பெரிக்காத்தானிடம் போனது. ஆகவே இரு தரப்பும் கண்டிப்பாக வரும். ஒருவர் நாங்கள் செய்ததைப் பாருங்கள் என்பார். மற்றவர் இவர்கள் செய்யாததைப் பாருங்கள் என்பார். யாராவது ஒருவர் 2007 அன்வார் போலக் குரலை ஏற்றி இறக்கிப் பேசவும் செய்வார். நன்றாகப் பேசினால் கை தட்டலாம், அதில் தவறில்லை.

ஆனால் கை தட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் பட்டணத்தில் வேலை பார்க்கும், படித்த, இந்தத் தோட்டங்களின் பிள்ளைகளாகிய நாம்தான். உங்கள் பெற்றோர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர், இன்றைய உரிமையாளர், அங்கே இன்னும் எத்தனை குடும்பம் இருக்கிறது, எத்தனை பேருக்குச் சொந்த வீடு இல்லை, கோயிலும் பள்ளியும் நிற்கும் நிலம் யாருடையது. இந்த ஐந்து விவரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் முடிந்துவிடும் வேலை. அம்மாவின் அண்டை வீட்டுக்காரர்களே பாதி விவரம் சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தாளோடு உங்கள் வாக்களிப்பு நிலையம் பழைய ஊரிலா, இப்போது இருக்கும் இடத்திலா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பு வேட்பாளரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள்; தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்குபவர் யார் என்று தெரிந்தாலே பாதிப் பிரச்சாரம் கேட்ட மாதிரிதான். 1,002 ஓட்டில் ஜெயிக்கும் தொகுதியில் நூறு குடும்பத்தின் தாளை எந்தக் கட்சியும் தூக்கிப் போட முடியாது.